வயலுக்கா, கழிப்பறைக்கா: ஊராட்சிப் பணம் எதற்கு முதலில்?

காவிரிக் கரையோர ஊராட்சி ஒன்றின் வார்டு உறுப்பினர் கேட்ட கேள்விக்கான பதில் இது. ஊராட்சியின் கையில் இருக்கும் பணம் கொஞ்சம். அதை வாய்க்கால், விதை, உரம் என்று விவசாயத்தில் போட்டால் ஏழை வீடுகளில் காசு புழங்குமா, வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டி முடிப்பதில் போட்டால் புழங்குமா? கழிப்பறைக்கும் வருமானத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது அது வெறும் அரசு விளம்பரமா? இதுதான் அவர் கேட்டது.

தொடர்பு உண்டு, வலுவான தொடர்பே உண்டு. ஆனால் அது பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. கழிப்பறையிலிருந்து உரம் கிடைக்கும், உரச் செலவு மிச்சமாகும் என்ற கணக்கைத்தான் பொதுவாக முதலில் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும் சிறிய கணக்கு. வேலை செய்யும் உடம்பில் இரத்தம் இருக்கிறதா, நடவு வாரத்தில் வீட்டில் யாரும் படுக்காமல் இருக்கிறார்களா என்பதுதான் பெரிய கணக்கு. அதனால்தான் விவசாயத்தையும் சுகாதாரத்தையும் இரண்டு துறைகளாகப் பிரித்து எது முதலில் என்று கேட்பது, வறுமை எப்படி உண்டாகிறது என்பதையே மறைத்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஊரில் மிக ஏழையாக இருப்பவர் யார் என்பதை முதலில் பார்ப்போம். டெல்டாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் அவர் பெரும்பாலும் நிலமில்லாத விவசாயக் கூலி. ஏக்கருக்கு நான்கு மூட்டை நெல் கூடுதலாக விளைய வைக்கும் எந்தத் திட்டமும் முதலில் நிலம் உள்ளவர் வீட்டுக்குத்தான் போகும். கூலி வீட்டுக்கு அதில் வருவது, அறுவடையில் கூடுதலாக ஓரிரு நாள் வேலை. அவருடைய சொத்து முழுவதும் உடம்புதான். நாற்றுப் பறித்து நடும் இரண்டு மூன்று வாரங்களும் களையெடுப்பு நாட்களும்தான் ஒரு நடவுப் பெண்ணுக்கு ஆண்டில் கை நிறையக் கூலி கிடைக்கும் காலம். அந்த வாரத்தில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கூலி போகிறது, மருத்துவரிடம் கொடுக்கும் பணம் போகிறது, பல வீடுகளில் தோடோ மூக்குத்தியோ அடகுக் கடைக்குப் போகிறது. அடகு மீளாமல் போகும்போது அந்த வீடு ஒரு படி கீழே இறங்குகிறது. விளைச்சல் குறைந்ததால் இறங்கிய வீடுகளைவிட இப்படி நோயால் இறங்கிய வீடுகளே அதிகம் என்பதைக் கிராமத்தில் வேலை செய்த யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று கொக்கிப்புழு. திறந்த வெளியில் விழும் மலத்தில் இருக்கும் அதன் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் சில நாட்களில் புழுக்குஞ்சாகிறது. அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. காலில் சிறிது அரிப்பு எடுக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளைப் பூசிவிட்டு மறந்துவிடுவார்கள். உள்ளே போன புழு நுரையீரல் வழியாகக் குடலுக்குச் சென்று அங்கே கவ்விக்கொண்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது மிகச் சிறிய அளவு. நூறு புழு, இருநூறு புழு என்று சேரும்போது, ஏற்கெனவே கீரையும் பருப்பும் குறைவாக உண்ணும் பெண்ணின் உடம்பால் அதை ஈடுகட்ட முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் புழுவே காரணம் என்று நான் சொல்லவில்லை; உணவும் அடுத்தடுத்த பேறுகளும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் வரப்போரத்தை மலம் கழிக்கும் இடமாக வைத்துக்கொண்டு அதே வரப்பில் வெறுங்காலோடு நடக்க வைக்கும் ஊரில், வயலே கூலியாளின் இரத்தத்தைக் குறைக்கிறது. மதியத்துக்கு மேல் குனிந்து நட முடியாமல் மூச்சு வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று மேஸ்திரி சொல்வதும் இதனால்தான் நடக்கிறது.

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களிடையே கொக்கிப்புழு மிகப் பரவலாக இருந்ததால், 1916 முதல் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த மக்களுக்குக் கூட்டமாக மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் லயங்களுக்குப் போதுமான கழிப்பிடம் இல்லாததால், மருந்து உண்டவர்களுக்கே தொற்று திரும்பி வந்தது. கழிப்பிடம் கட்டும் செலவைத் தோட்ட நிர்வாகங்கள் எளிதில் ஏற்கவில்லை. மருந்து மட்டும் போதாது, மண்ணுக்கு மலம் போவதை நிறுத்த வேண்டும் என்ற அன்றைய பாடம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது: பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற புழுநீக்க மாத்திரை தேவையானது, ஆனால் அதை விழுங்கிய பிள்ளை அதே மண்ணில்தான் விளையாடப் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கழிப்பறை கட்டினாலே நோய் குறைந்துவிடும் என்பது சரியல்ல. ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் நூறு கிராமங்களில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தன; ஆனாலும் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கோ புழுத்தொற்றோ குறையவில்லை. கட்டியவர்களில் பலர் பயன்படுத்தவில்லை, மீதி வீடுகளில் கழிப்பறையே இல்லை. மூன்றில் ஒருவர் வெளியே போனாலும் மண் அசுத்தமாகத்தான் இருக்கும். குளத்தின் ஒரு மூலையை மட்டும் சுத்தமாக வைத்திருக்க முடியாது. ஆகவே, ஊராட்சி முழுவதும் ஆங்காங்கே சில கழிப்பறைகளைக் கட்டிக் கணக்குக் காட்டுவதைவிட, ஒரு தெருவையோ ஒரு குடியிருப்பையோ எடுத்துக்கொண்டு ஒரு வீடு விடாமல் முடிப்பதே பயன் தரும். அந்த முதல் தெரு எது என்று கேட்டால், வீட்டுக்குப் பின்னால் நிலமே இல்லாத, வெளியே போவதற்கு அடுத்தவர் வயல் வரப்பைத் தவிர வேறு இடமில்லாத கூலிக் குடியிருப்புதான் என்று தயங்காமல் சொல்வேன். இருட்டும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்யும் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இனி உரக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இதில் மிகையான வாக்குறுதிகள் கொடுக்கப்படுகின்றன. நம் நாட்டு உணவுப் பழக்கத்தில் ஓர் ஆள் ஓராண்டில் கழிக்கும் சிறுநீரில் சுமார் 2.3 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் 11.5 கிலோ, அதாவது 25 கிலோ யூரியாவில் இருக்கும் அளவு. 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, இதன் மதிப்பு ஏறத்தாழ 150 ரூபாய்தான். ஆண்டு முழுவதும் சிறுநீரைச் சேமித்து 150 ரூபாய் மிச்சம் செய்யுங்கள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காததில் தவறும் இல்லை. நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து வேண்டும் என்பதால், அந்த வீட்டின் பங்கு அதில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே அளவைத் தோட்டக்கால் வாழைக்கு வைத்துப் பாருங்கள். ஒரு வாழைக்கு ஆண்டுக்கு 110 கிராம் தழைச்சத்து என்ற பரிந்துரைப்படி, ஒரு வீட்டுச் சிறுநீரில் நூறு வாழைக்குப் போதுமான தழைச்சத்து இருக்கிறது. கூடவே கொஞ்சம் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வருகின்றன. ஆக, பெரிய வயலுக்கு இது உரமாகாது, கொல்லைக்கு உரமாகும். கொல்லையில் நாலு வாழை, ஒரு முருங்கை, ஒரு பப்பாளி என்று நிற்கும் கூலி வீட்டுக்கு அது போதும்.

இதைச் செய்து காட்டிய ஊர் திருச்சி மாவட்டத்து முசிறி. அங்கே காவிரியை ஒட்டி நிலத்தடி நீர் மிக மேலே நிற்பதால், குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். குழிக் கழிப்பறை வைத்தால் அது நேராகக் கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் போகும். ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனமும் அதன் எம். சுப்புராமனும் தரைக்கு மேலே இரண்டு அறைகள் கட்டி, மலம் ஒரு பக்கம், சிறுநீர் ஒரு பக்கம், கழுவும் நீர் ஒரு பக்கம் என்று பிரிந்து போகும் ஈகோசான் கழிப்பறைகளை அங்கே அமைத்தார்கள். உள்ளே போய்வந்ததும் ஒரு கை சாம்பலைப் போட வேண்டும். கழுவும் நீர் கல்வாழைப் பாத்திக்குப் போய்விடும். ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். பயன்படுத்துவோருக்கே சிறு தொகை கொடுக்கும் பொதுக் கழிப்பறை ஒன்றும் முசிறியில் அமைந்தது. சேர்ந்த சிறுநீரை வாழை முதலிய பயிர்களுக்கு இட்டுப் பார்த்தார்கள். இந்தப் பணிக்காகச் சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த முறையின் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. மலம் கழித்த இடத்திலிருந்து நகர்ந்து கழுவ வேண்டும். வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது எளிதல்ல. விருந்தாளி வந்து தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிட்டால் அறை ஈரமாகி நாறும். நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் மேட்டு ஊர்களுக்கு இதைத் திணிக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஊர்களுக்கு ஏற்றது இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை. தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த 12,000 ரூபாய்க்கு ஓரளவு நெருங்கி வரக்கூடியதும் இதுதான். கோப்பைக்குப் பின்னால் ஒரு சிறு தொட்டி, அதிலிருந்து இரண்டு குழாய்கள், இரண்டு குழிகள். ஒரு குழியை மட்டும் திறந்து வைக்க வேண்டும்; அது நிறைய ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்றாண்டுக்கு மேல் ஆகும். பிறகு அதை அடைத்துவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். அடைத்த குழி இரண்டாண்டு சும்மா கிடந்தால், உள்ளே இருப்பது கருப்பு மண்ணாகிவிடும். அப்படி ஆறிய குழியை நான் திறந்து பார்த்திருக்கிறேன்: மண்வெட்டியில் உதிரியாக வருகிறது, மழை பெய்த மண்ணின் வாசனைதான் இருக்கிறது. பக்கத்தில் நின்றிருந்த வீட்டுப் பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர், சற்று நேரத்தில் முந்தானையை விட்டுவிட்டு, இதையா தென்னைக்குப் போடச் சொன்னீர்கள் என்று கையில் எடுத்தே பார்த்தார்.

ஆனால் கட்டும்போதே கெடுத்துவிடுகிறார்கள். குழியின் சுவரில் இடைவெளி விட்டுக் கல் அடுக்க வேண்டும், அடியில் பூசக் கூடாது என்பது கொத்தனாருக்கு உறுத்தலாக இருக்கிறது. வேலை உறுதியாக இருக்கட்டும் என்று சுவரையும் அடியையும் சிமெண்ட் பூசிவிடுகிறார். நீர் உறிஞ்ச வழியில்லாமல் சில மாதங்களிலேயே குழி நிறைகிறது. கழிப்பறை விறகு அடுக்கும் இடமாகிறது. இன்னொரு தவறு, இரண்டு குழாயையும் திறந்தே விட்டுவிடுவது. இரண்டு குழியும் ஒரே நேரத்தில் நிறைந்து, ஆறுவதற்கு எந்தக் குழிக்கும் காலம் கிடைப்பதில்லை. மூடி வைப்பதற்கு முன் தொட்டியைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எந்தக் குழிக்குப் போகிறது என்று வார்டு உறுப்பினரே பார்ப்பது பெரிய ஆய்வு அறிக்கையைவிடப் பயன் தரும்.

மக்கள் சிறிய குழியை விரும்பாததற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. குழி நிறைந்தால் யார் அள்ளுவது? அந்த வேலையைக் குறிப்பிட்ட சாதியினர் மேல் சுமத்தி வைத்த சமூகத்தில், மற்றவர்கள் தம் வீட்டுக் குழியைத் தாமே திறப்பதை இழிவாக நினைக்கிறார்கள். அதனால் பத்துத் தலைமுறைக்கும் நிறையாத அளவுக்குப் பெரிய செப்டிக் டேங்க் கேட்கிறார்கள், அதற்குப் பணமில்லாதபோது வெளியே போவதையே தொடர்கிறார்கள். 2014-இல் வட இந்தியாவின் ஐந்து மாநிலங்களில் நடந்த ஆய்வில், நல்ல நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குறைந்தது ஒருவராவது வெளியேதான் போனார். நம் பக்கத்தில் செப்டிக் டேங்க் மோகம் அதிகம். அதன் விலையை மனிதர்கள் உயிரால் கொடுக்கிறார்கள். கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 10 லட்சம் ரூபாயை 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் தொட்டிக்குள் ஆளை இறக்குவது நிற்கவில்லை. தொட்டியிலிருந்து உறிஞ்சியெடுத்த கழிவை லாரிக்காரர் இரவில் வாய்க்காலில் திறந்துவிட்டால், ஊர் முழுவதும் கழிப்பறை இருந்தும் வயல் அசுத்தமாகத்தான் இருக்கும். இரட்டைக் குழியின் சிறப்பே, பச்சை மலத்தை எந்த மனிதனும் தொட வேண்டியதில்லை என்பதுதான். ஆறிய எருவை வீட்டுக்காரரே எடுக்க வேண்டும். அதற்கும் ஆள் தேடி அந்தச் சாதியினரின் தெருவுக்கே போனால் நாம் எதையும் மாற்றவில்லை என்று பொருள்.

எருவாகப் பயன்படுத்துவதில் அவசரம் கூடாது. உருளைப்புழுவின் முட்டை மண்ணில் மிக நீண்ட காலம் உயிரோடு இருக்கும். 1956 முதல் இரட்டை அறைக் கழிப்பறையைப் பரப்பிய வியட்நாமில், நடவுக்கு எரு வேண்டும் என்று சில மாதங்களிலேயே அறையைத் திறந்து வயலில் கொட்டும் பழக்கம் இருந்தது. அப்படிச் செய்தால் புழு திரும்பவும் வயலுக்கே வரும். நம் வெயிலில் ஓராண்டு போதும் என்றாலும் நான் இரண்டாண்டு என்றே சொல்வேன். எடுத்த எருவைத் தென்னை, வாழை, முருங்கை, தீவனப்புல் ஆகியவற்றின் தூரில் குழி பறித்துப் புதைக்கலாம். தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி போன்ற பச்சையாக உண்பவற்றுக்கு வேண்டாம். சிறுநீரை மூடிய கேனில் வைத்திருந்து, தண்ணீரில் கலந்து, இலையில் படாமல் மண்ணில் ஊற்றி, உடனே நீர் பாய்ச்ச வேண்டும். திறந்து வைத்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். உவர் மண்ணில் இதைத் தவிர்ப்பது நல்லது.

விவசாயப் பக்கத்தில் ஊராட்சி செய்யக்கூடியவற்றில் கூலி வீட்டுக்கு நேரடியாகப் போய்ச் சேருபவை எவை என்றுதான் பார்க்க வேண்டும். திருந்திய நெல் சாகுபடி நல்ல முறை: ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், கோனோ வீடர் என்ற உருட்டுக் கருவியால் களையெடுப்பு. நீரும் விதையும் மிச்சமாகும். ஆனால் அது நிலக்காரருக்கு மிச்சம். வேளாண் துறையே அதைப் பார்த்துக்கொள்ளட்டும். ஊராட்சிப் பணம் கடைமடைக்குத் தண்ணீர் போகும் சிறு வாய்க்கால்களுக்கும், புறம்போக்கில் தீவனப்புல்லுக்கும், ஆடு மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு எருக்குழிக்கும் போகட்டும். தெருவில் குவித்து மழையில் கரையும் சாணம் சத்தையும் இழக்கிறது, ஈயையும் பெருக்குகிறது. குழியில் போட்டு மண் மூடினால் இரண்டும் நிற்கும். அடுப்படித் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் தெருவில் தேங்காமல் கொல்லையில் சேம்புக்கும் வாழைக்கும் போக ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால், கொசு குறைவது மட்டுமல்ல, கோடையிலும் அந்த வீட்டில் கீரை இருக்கும். இரத்தசோகைக்கு மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்யும் மருந்து அந்தக் கீரைதான்.

ஆகவே, உங்களிடம் உள்ள பணத்தில் ஒரு கூலித் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவின் எல்லா வீட்டுக்கும் கழிப்பறை, கழிவுநீர் போகும் கொல்லைப் பாத்தி, எருக்குழி, தெருவுக்கு வரும் வாய்க்கால் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யுங்கள். வீட்டுமனைப் பட்டா இல்லாத வீடுகளுக்கு முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்; நாளைக்குக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயப்படுகிறவர் குழி தோண்ட மாட்டார். வேலையைச் சம்பா, தாளடி அறுவடை முடிந்த பிறகு தொடங்கி, ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். கொத்தனாரும் ஆட்களும் ஓய்வாக இருப்பது அப்போதுதான், கையில் கொஞ்சம் காசு இருப்பதும் அப்போதுதான். ஆனால் கோடையில் தோண்டும்போது குழி காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கார்த்திகை மழையில் அந்தத் தெருக் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறி நின்றது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த மட்டத்துக்கு இரண்டு மீட்டராவது மேலே குழியின் அடி நிற்க வேண்டும், கிணற்றுக்கும் அடிகுழாய்க்கும் பத்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வீடுகளுக்கு முசிறியில் செய்ததுபோல் தரைக்கு மேலேயே கட்டிக் கொடுங்கள்.